சிந்துஜாவின் நாக்கு

படகைத் தரையேற்றி ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் அடியில் கீல் இரும்பு ஆடித் தட்டிக்கொண்டிருந்தது.

டொக், டொக். கொஞ்சம் விட்டு, இன்னொரு டொக்.

கொளஞ்சி கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தை ஒட்டிய அந்தத் தகர ஷெட்டின் மேல் கார்த்திகை மழை காலையிலிருந்தே விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கூரை இரைந்தது, ஓரத்தில் ஒழுகிய நீர் பெயிண்ட் டப்பாவில் விழுந்து சொட்டியது, வெளியே துறைமுகத்தில் கட்டிப்போட்ட விசைப்படகுகளின் டயர்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. துருவும் தின்னரும் காலை ஏலத்தில் மிச்சமான மீன்வாடையும் ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டு நின்றன. மணி மூன்றுதான். அதற்குள் ஷெட் மங்கலாகிவிட்டிருந்தது. இத்தனை ஓசைக்கு நடுவிலும் அந்தத் தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது.

அது அவனுக்குப் பழகிய சத்தம்தான். நங்கூரம் போட்ட படகு அலையில் அசைந்தால் கீல் தன் கூட்டுக்குள் இப்படியும் அப்படியும் போய்ச் சுவரில் இடிக்கும். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். இங்கே படகுக்கு அடியில் இருந்தது மணலும், நான்கு மரக் குதிரைகளும், கீலை இறக்கிப் பார்ப்பதற்காகத் தோண்டிய இடுப்பளவுக் குழியும்தான்.

அவன் குனிந்து போய் ஆப்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. படகின் அடிவயிற்றிலிருந்து ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்பில் உள்ளங்கையை வைத்தான். அது ஆடவில்லை. காலையில் சாக்குத்துணியால் துடைத்து, ஹீட்டர் வைத்துக் காயவைத்த இரும்பு இப்போது நனைந்திருந்தது. அதன் குளிர்ச்சி கையை விறைக்கவைத்தது. கையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

மழைத்தண்ணி உப்புக் கரிக்காதே என்று நினைத்தான். பிறகு, கடற்காற்றுதான், கூரையிலிருந்து ஒழுகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

சிந்துஜா இருபதடிப் பாய்ப்படகு. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பிரான்சில் தூலோன் நகரில் இருக்கும் நாராயணசாமி, தன் மகள் பெயரை அதற்கு வைத்திருந்தார். அதன் கீல் ஆளுயர இரும்புத் தகடு, எண்பது கிலோ. ஒரு முனை தடித்த அச்சாணியில் மாட்டியிருக்கும், மறுமுனையைக் கம்பிவடம் தாங்கும். முகத்துவாரத்து மணல்மேட்டைக் கடக்கும்போது படகுக்குள்ளிருக்கும் வின்ச்சைச் சுற்றினால் தகடு மடங்கி ஒடுக்கமான கூட்டுக்குள் ஏறிக்கொள்ளும். ஆழம் வந்ததும் இறக்கிவிடவேண்டும். அந்தக் கனம் கீழே தொங்கினால்தான் பாய் காற்றை வாங்கினாலும் படகு கவிழாமல் நிற்கும். நாராயணசாமி அதைப் பிரெஞ்சில் 'தெரீவ்' என்பார். கொளஞ்சியோடு வேலை பார்த்த வடிவேல் 'நாக்கு' என்பான். மணல்மேடு வந்தால், "நாக்க உள்ள இழுத்துக்கடி" என்று படகைக் கொஞ்சுவான்.

மழைக்காலத்தில் துருவைச் சுரண்டி, அச்சாணிக்குக் கிரீஸ் வைத்து, வடம் மாற்றுவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் உள்ளே வின்ச்சில், ஒருவன் கீழே குழியில். மில் மூடியபோது ஒரே நாளில் வெளியே வந்த கொளஞ்சியும் வடிவேலும் பதினோரு வருடம் அந்த வேலையைச் சேர்ந்து செய்திருந்தார்கள். இந்த வருடம் கொளஞ்சி தனி. மனைவி போய் மூன்று வருடம், மகள் சரிதா திருப்பூரில். முதலியார்பேட்டை வீட்டில் அவன் பேச்சுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. துறைமுக வாசல் டீக்கடைக்காரர் பழக்கத்தில் இன்னமும் "ரெண்டாண்ணே?" என்றுதான் கேட்பார். ஒருநாள் ஆமாம் என்று சொல்லி, இரண்டையும் வாங்கி, இரண்டையும் அவனே குடித்தான்.

இறக்கிய கீல் திரும்ப மடங்கிவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு லாக் போல்ட் உண்டு. செப்டம்பரில் அதன் மரை தேய்ந்துபோயிருந்தது. புது மரை வெட்டலாம் என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லேத்துக்குக் கிளம்பிய கொளஞ்சி, பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது சிந்துஜா பாய் விரித்து முகத்துவாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. போல்ட் கழற்றியது தெரியாமல் வடிவேல் சோதனை ஓட்டத்துக்குத் தனியாகக் கிளம்பிவிட்டான். கூப்பிட்டால் கேட்கும் தூரம். போன் இருந்தது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. அரைமணி நேரத்தில் வந்துவிடுவான், எதற்குக் கத்தவேண்டும் என்று தோன்றியது.

காற்று தெற்கிலிருந்து சொல்லாமல் வந்தது. படகு சாய்ந்ததும், பூட்டாத கீல் தன் கூட்டுக்குள்ளேயே மடங்கி விழுந்தது. படகு தலைகுப்புறக் கவிழ்ந்து அப்படியே கிடந்தது. வீராம்பட்டினத்து ஃபைபர் படகுக்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளேயிருந்து தட்டல் கேட்டிருக்கிறது. கயிறு போட்டு இழுத்த நாற்பது நிமிடமும் கேட்டிருக்கிறது. படகைப் புரட்டி நிமிர்த்தின பிறகு பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பிறகும் வடிவேல் எங்கும் கரையொதுங்கவில்லை.

அன்று சாயங்காலம், போலீஸ் வந்து பார்ப்பதற்கு முன், கொளஞ்சி கரைமணலில் சாய்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் படுத்து அந்த போல்ட்டைத் திரும்பப் பூட்டிவைத்தான். கேட்டபோது, போல்ட் போட்டுத்தான் இருந்தது என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டான்.

டொக், டொக்.

டொக்.

"அண்ணே."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். ஷெட் வாசலில் வடிவேலின் மனைவி செல்வாம்பாள் நின்றிருந்தாள். கருவடிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருப்பாள். முந்தானை நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன.

"இந்த மழையில எதுக்கும்மா வந்த?"

"இந்த போட்ட விக்கப் போறாங்களாமே. சொன்னாங்க. ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு." அவள் படகை நெருங்கி அதன் விலாவில் கையை வைத்தாள். "ஊர்ல காரியம் பண்ணச் சொல்றாங்கண்ணே. உடம்பே இல்லாம என்னத்தப் பண்றது? எங்க மாமியா, எதையாச்சும் வெச்சுப் பண்ணுங்கிறாங்க. எனக்கு மனசு வரல."

கொளஞ்சி குனிந்து கிரைண்டரின் வயரைச் சுற்றினான்.

டொக், டொக்.

டொக்.

அவள் முகம் மாறவில்லை. கை படகின் மேலேயே இருந்தது. "எங்க வீட்டுக் கதவ இப்படிதான் தட்டுவாரு. ரெண்டு. அப்பறம் ஒண்ணு. நைட் சிப்டு முடிஞ்சு வர்றப்ப புள்ளைங்க முழிச்சிக்கக் கூடாதுன்னு மெதுவா."

"ஆப்பு லூசாயிருக்கும்மா. காத்துக்கு இடிக்குது."

"உள்ள தண்ணி இருக்காண்ணே?"

"தண்ணி எப்படி இருக்கும்? ஒம்போது நாளா மேலதான் கெடக்குது."

அவள் படகிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். "உங்கள ஒண்ணு கேக்கணும். அந்த போல்ட்டு அன்னிக்குப் போட்டுதான இருந்துச்சு?"

மழை ஒரு கணம் ஓய்ந்ததுபோல் இருந்தது.

"போட்டிருந்துச்சும்மா."

தட்டல் நின்றுவிட்டது. திரும்ப வரவில்லை. பிறகு செல்வாம்பாள், "சரிண்ணே. பஸ்சு போயிடும்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்தாள்.

அவள் போனதும் கரண்ட் போயிற்று.

இருட்டுவதற்குள் வடத்தை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று கொளஞ்சி தீர்மானித்தான். கீலை முழுதாகக் குழிக்குள் இறக்கினால்தான் பழைய வடத்தைக் கழற்றமுடியும். ஏணியில் ஏறிப் படகின் சிறிய அறைக்குள் நுழைந்தான். நிமிரமுடியாத அறை. பூஞ்சை பிடித்த மெத்தையின் வாடை. நடுவில், முழங்கால் உயரத்தில், சவப்பெட்டிபோல் நீண்டு கிடந்தது கீல் கூடு. அதன் மேல்மூடியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தான். மூன்றடி நீளம், நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பிளவு. அதற்குள் வடம் நேராக இறங்கியது.

வின்ச்சின் கொக்கியைத் தளர்த்திக் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினான். பல்சக்கரம் கிளிக் கிளிக் என்றது. பதினெட்டுச் சுற்றில் கீல் முழுதாக இறங்கி, கனம் வடத்தை விட்டு அச்சாணிக்குப் போய்விடும். கைக்கே தெரியும் அது. பதினாறு. பதினேழு. பதினெட்டு.

கனம் குறையவில்லை.

இருபது. இருபத்தைந்து. எண்ணிக்கையில் தப்பு பண்ணிவிட்டோமோ என்று இன்னும் சுற்றினான். முப்பத்திரண்டு. வின்ச்சில் சுற்றியிருப்பது மொத்தம் நாலு மீட்டர் வடம். அது எப்போதோ தீர்ந்திருக்கவேண்டும். உருளையில் வடம் தீரவில்லை. கீழே போய்க்கொண்டே இருந்தது, ஈரமாக, மினுங்கிக்கொண்டு. நாற்பது. அச்சாணி உடைந்து தகடு குழியில் விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். குழி இடுப்பளவுதான். அவனே தோண்டியது.

அவன் கைப்பிடியை விட்டான். கொக்கியை மாட்டவில்லை என்பது விட்ட பிறகுதான் உறைத்தது. கைப்பிடி சுழலவில்லை. அப்படியே நின்றது. அடியில் யாரோ எடையைத் தாங்கிக்கொண்டதுபோல.

பிளவிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்தது. துறைமுகத்து வாடை அல்ல அது. கரை கண்ணுக்கு மறைந்த பிறகு வருமே, மீனும் சேறும் இல்லாத வெறும் ஆழத்தின் மணம். அவன் போனின் டார்ச்சைப் போட்டுக் குனிந்தான்.

மணல் இல்லை. குழி இல்லை. பிளவுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் இருந்தது. பச்சைத் தண்ணீர். மெல்ல உயர்ந்தது, மெல்லத் தாழ்ந்தது. வடம் அதற்குள் நேராக இறங்கி, வெளிச்சம் எட்டாத இடம்வரை போயிற்று.

படகு அசைந்தது.

ஓடிவிட நினைத்தான். அதற்குள் கீழே, வெகு கீழே, அது மறுபடி தொடங்கியது. கூட்டின் சுவரில் அல்ல; வடத்தில். விரல் முட்டியால் தட்டுவதுபோல. வின்ச் வழியாக, பலகை வழியாக, அவன் முழங்கால் எலும்புக்குள் வந்தது.

இரண்டு. அப்புறம் ஒன்று.

"வடிவேலு" என்றான் கொளஞ்சி. இரண்டு மாதத்தில் அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. பிளவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயை அதற்கு நேராக வைத்து அழுதான். "நான்தான்டா கழட்டினேன். என் பையிலதான்டா இருந்துச்சு. பாலத்து மேல நின்னு நீ போறதப் பாத்தேன். கூப்ட்டிருந்தா திரும்பியிருப்ப. கூப்புடலடா. அப்பறம் பொய் சொன்னேன். போலீஸ்ல சொன்னேன், இப்ப உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தே சொன்னேன்..."

தட்டல் ஓய்ந்தது. தண்ணீர் மட்டும் மூச்சுவிட்டது.

பின்னால் ஏணி கிரீச்சிட்டது.

செல்வாம்பாள் வாசலில் குனிந்து நின்றாள். தலையிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பாலத்தாண்ட ரோட்டுல தண்ணி நிக்குது. பஸ்சு வரல" என்றாள். அவள் பார்வை பிளவின் மேல் இருந்தது.

"செல்வா, நான்..."

"கேட்டுச்சு." அவள் உள்ளே வந்து, கூட்டுக்கு எதிர்ப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உதடு துடித்தது. குரல் துடிக்கவில்லை. "உங்கள என்ன பண்றதுன்னு அப்பறம் பாக்கலாம். ஊருக்கே சொல்லுவேன். மொதல்ல அவர மேல ஏத்துங்க."

"கீழ என்ன இருக்குதுன்னு தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும். சுத்துங்க."

சுற்றினான். வேறென்ன செய்வான். கனம் தோளைப் பிடுங்கியது. எண்பது கிலோ இல்லை அது. நூற்றைம்பது, இருநூறு, அதற்கும் மேலே. ஒவ்வொரு பல்லாக ஏறியது. கிளிக். அவன் கை வழுக்கியபோது அவள் தன் இரண்டு கையையும் அவன் கையின் மேல் வைத்துத் தள்ளினாள். கிளிக். வெளியே மழை கேட்கவில்லை. கூரை கேட்கவில்லை. கிளிக். இரண்டு பேர் மூச்சும் பல்சக்கரமும்தான். ஐம்பது. அறுபது. உள்ளங்கை உரிந்து கைப்பிடி பிசுபிசுத்தது. இத்தனை நாளுக்குப் பிறகு பக்கத்தில் ஒரு ஆள் சேர்ந்து வேலை செய்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது, வெட்கமாக, கதகதப்பாக. எண்பது.

தண்ணீருக்குள் ஏதோ வெளுத்தது.

செல்வாம்பாள் அவன் போனை எடுத்து, வெளிச்சம் உள்ளே விழும்படி பிளவின் ஓரத்தில் சாய்த்துவிட்டு, கைகளைத் திரும்ப அவன் கையின் மேல் வைத்தாள். நாலு விரல் அகலத்துக்குத்தான் தெரிந்தது. முதலில் முடி, மேல்நோக்கி அலைந்துகொண்டு. பிறகு நெற்றி. பிறகு திறந்த கண்கள்.

வடிவேல் கீலின் நுனியில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையால் வடத்தைப் பிடித்தபடி, முகத்தை அண்ணாந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப்போலப் பொறுமையாக. மீன் தொடாத முகம். அன்று போட்டிருந்த நீலச்சட்டை.

"வந்துட்டாருண்ணே" என்றாள் அவள். சிரித்தாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து தண்ணீருக்குள் சொட்டியது. "பாருங்க, வந்துட்டாரு."

கிளிக்.

வடிவேலின் இன்னொரு கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கொளஞ்சி அதைப் பார்த்தான். அது சும்மா தொங்கவில்லை. ஒரு மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

கண்ணாடி வளையல் போட்ட மணிக்கட்டு. அதற்குக் கீழே ஒரு பெண்ணின் முகம், அண்ணாந்து. அவளுடைய இன்னொரு கையில் ஒரு சின்னக் கை. அந்தச் சின்னக் கைக்குரிய முகமும் அண்ணாந்து. அதற்குக் கீழே ஒரு கிழவர். லுங்கி மடித்துக்கட்டிய ஒருவர். பள்ளிக்கூடத்துச் சீருடையில் ஒன்று. கையைக் கை பிடித்து, கையைக் கை பிடித்து, டார்ச் வெளிச்சம் போகிறவரை கீழே, அது தேய்ந்து பச்சை கறுப்பாகிற இடத்துக்கும் கீழே, வெள்ளை வெள்ளையாக முகங்கள். எல்லாம் மேலே பார்த்தன. எதுவும் வாய் திறக்கவில்லை.

கொளஞ்சி கைப்பிடியிலிருந்து கையை இழுத்தான். வரவில்லை. அவள் கைகள் அதன் மேல் இருந்தன, இரும்புபோல.

"விடும்மா. செல்வா, விடு. கீழ பாரு. அவன் மட்டும் இல்ல. விட்டுடலாம்."

"பாத்தேன்ணே."

"கொக்கிய எடுத்துடலாம்மா..."

"எல்லாரையும்தான் அவங்கவங்க வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்க" என்றாள் செல்வாம்பாள். அவள் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "நிறுத்தாதீங்க. சுத்துங்க."

கிளிக்.

கைப்பிடி இப்போது லேசாகிவிட்டிருந்தது. இருவருமே தள்ளவில்லை. அது தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கிளிக். கிளிக். கிளிக்.

பிளவின் விளிம்பில், மரத்தின் மேல், ஊறி வெளுத்த நாலு விரல்கள் வந்து பற்றின. ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டன. அந்த இடத்தில் வளையல் ஒன்று மரத்தில் இடித்து நின்றது. அதற்குப் பக்கத்தில், எட்டாமல் எட்டி, ஒரு சின்ன விரல்.